கரடியூரில் ஒரு கருணை விழா

மனிதகுலம் கருணையில் தொட்ட உச்சி எது என்று யாராவது கேட்டால், தயவுசெய்து இமயத்தைக் காட்டாதீர்கள். ஏற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள கரடியூரைக் காட்டுங்கள். அங்கே ஷெர்லினின் பன்றிப் பண்ணையில் நடந்த விழாவை, சேர்வராயன் மலைப் பன்றிகள் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நானே முன்னின்று நடத்தினேன்.

விஷயம் இதுதான். ஆண் பன்றியை அப்படியே வளர்த்தால் கறியில் வாடை வீசும், வியாபாரி தொடமாட்டார். அதனால் குட்டியிலேயே காயடித்துவிடுவார்கள். வெறும் கத்திதான், மரத்துப்போக ஊசிகூடக் கிடையாது. அந்த அலறல் ஷெர்லினுக்குத் தாங்கவில்லை. கத்தியின் வேலையை வலியில்லாமல் செய்யும் தடுப்பூசி இருக்கிறது, சங்கமே வரவழைக்கும் என்று நாங்கள் சொன்னதை நம்பி, இந்த முறை குட்டிகளைக் கத்தி படாமல் வளர்த்தார்.

மருந்தும் வந்தது. பந்தலும் வந்தது.

"ஏனுங்க, மருந்து ஐஸ் பெட்டிக்குள்ளயே இருக்கட்டுங்க" என்றார் ஷெர்லின்.

"பெட்டிக்குள்ள இருந்தா போட்டோவுல எப்படிங்க தெரியும்?" என்றார் எங்கள் தலைவர் கோவிந்தராஜ்.

நியாயமான கேள்வி. புட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வெள்ளித் தட்டில், நல்ல வெயிலில் அடுக்கினோம். பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள். தெரியாதவர்கள் அதைவிட நீளமாக வாழ்த்தினார்கள்.

முதல் ஊசி தலைவரின் 'பொற்கரங்களால்' என்பது ஏற்பாடு. கால்நடை மருத்துவர் ஐஸ்வர்யா அவர் காதோடு எச்சரித்தார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது: "பாத்துப் போடுங்க. தவறி உங்க மேல குத்திக்கிட்டா, உங்களுக்கும் அதே வேலையைக் காட்டினாலும் காட்டுமுங்க."

தலைவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. துணைத்தலைவருக்கு இரண்டு. நான் எனக்குப் போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"தள்ளுங்க, நானே போடறேன்" என்று ஷெர்லின் ஒரு புட்டியை எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. ஐஸ்வர்யா வாங்கித் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதுங்க. இனி இது வெறும் தண்ணிதான்."

"வேற மருந்துங்க?"

"அடுத்த வருஷ விழாவுக்கு ஏற்பாடு பண்ணீரலாமுங்க" என்றார் தலைவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

முன்வரிசையில் இருந்த பன்றி வியாபாரி ஏசுராஜ் எழுந்தார். "அதுவரைக்கும் வெச்சிருந்தா வாடை புடிச்சுக்குமுங்க. நான் வாங்கமாட்டேன். நம்ம ஆளு கத்தியோட வண்டியிலதான் இருக்கறான். என்ன சொல்றீங்க?"

ஷெர்லின் மேடையை நிமிர்ந்து பார்த்தார். "ஊசி பட்டுருமோன்னதுக்கே இந்த ஓட்டம் ஓடறீங்க. அதுகளுக்குக் கத்திங்க."

"நொம்ப உருக்கமான கருத்து!" என்று தலைவர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

ஏற்காட்டிலிருந்து மரத்துப்போக வைக்கும் ஊசியாவது கொண்டுவருகிறேன் என்று ஐஸ்வர்யா ஜீப்புக்கு ஓடினார். சிறப்பு விருந்தினர்களின் கார்கள் வழியை அடைத்திருந்தன. டிரைவர்கள் வியூ பாயிண்ட் பார்க்கப் போயிருந்தார்கள். ஏசுராஜ் காத்திருக்காமல் வண்டியிலிருந்த ஆளைக் கூப்பிட்டார். ஷெர்லின், குட்டிகளைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கொட்டகைக்குள் போனார்.

தலைவர் 'வாயில்லா ஜீவன்கள்' என்ற தலைப்பில் நிறைவுரையைத் தொடங்கினார். வாயில்லா ஜீவன்கள் போட்ட அலறலில் அவருடைய கருணை யார் காதிலும் விழவில்லை.

செயலாளர் என்ற முறையில், மைக்கின் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன்.