உங்கள் அக்காவின் நாக்கும் ஓர் இத்தாலியப் பாட்டிலும்

கடல்மேல் உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனருக்கு, தரைமேல் ஓய்வில் இருக்கும் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அந்தச் சுகத்தை எந்த அளவில் எடுத்துக்கொள்வது என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். அங்கே உங்கள் உடல்நலமும், கப்பலின் நலமும், குறிப்பாக அதன் பாய்லரின் நலமும் குறைவின்றி இருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் நண்பரிடம் கொடுத்தனுப்பிய இத்தாலிய வெள்ளை ஒயின் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபின் நடந்தவற்றைச் சொல்லும் முன், அக்காவின் நிலைமையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். போனில் நான் பூசி மெழுகிவிட்டேன். அந்தக் காய்ச்சல் விட்டு மூன்று மாதம் ஆகிறது, ஆனால் காய்ச்சலோடு போன ருசி திரும்பி வரவே இல்லை. அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று சமையலறைப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். தினமும் காய்கறி சூப். கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி குக்கரில் வேகவைத்து, வெந்ததைப் பாதுகாப்பு கருதி மறுபடியும் வேகவைத்து, ரத்த அழுத்தத்தை உத்தேசித்து உப்பை அறவே நிறுத்திவிட்டுக் கொடுக்கிறேன். அவள் முழுச் சத்தையும் பெறட்டும் என்று நான் அதில் ஒரு கரண்டிகூடத் தொடுவதில்லை, ரொட்டியும் அவித்த முட்டையுமாக ஒப்பேற்றிக்கொள்கிறேன். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். அவள் ஒரு வாய் குடிப்பாள், சுவரைப் பார்ப்பாள். "எப்படி இருக்கு?" என்பேன். "ஒண்ணும் தெரியலைங்க" என்பாள். ஒரு நாள் தவறாமல் இதே பதில்தான். பிஸ்கட் டப்பா மட்டும் அடிக்கடி காலியாகிறது. ருசி தெரியாத மனுஷிக்கு பிஸ்கட்டாவது உள்ளே போகிறதே என்று நானும் வாங்கி வாங்கி நிரப்புகிறேன்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். "நாக்கு மேல ஒரு தப்பும் இல்ல சார்" என்றார். தப்பு இல்லை என்றதும் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. கோளாறு கண்ணுக்குத் தெரிந்தால் சரிசெய்யலாம். வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே பழுதான பாய்லர்களை நான் பாய்லர் இன்ஸ்பெக்டர் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். சூப்புக் கிண்ணத்தைக் கழுவும்போதெல்லாம், இவள் இனிமேல் எதையும் ரசிக்காமலே இருந்துவிடுவாளோ என்று எனக்கு அழுகை வரும். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் நீங்கள், "அத்தான், இது மொஸ்காட்டோ, இனிப்பா லேசா நுரைக்கும். நல்லா குளிர வச்சு அக்காவுக்கு ஒரு டம்ளர் குடுங்க" என்று போனில் சொன்னீர்கள். லேசாக நுரைக்கும் என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். அழுத்தம் உள்ள பொருளை, சேஃப்டி வால்வு இல்லாமல், சோதனை முத்திரை இல்லாமல், வெறும் தக்கையை அடைத்து ஒரு குடும்பத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. என் மாதிரி ஒருவன் வீட்டில் இருக்கிறான் என்ற தைரியத்தில் அனுப்பியிருப்பீர்கள். நான் அதைக் குளியலறை வாளியில் ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று அறிவித்தேன். உங்கள் அக்கா துண்டும் கையுமாக வெளியே நின்று, "அப்ப நான் எங்க குளிக்கறது?" என்றாள். எதிர்வீட்டில் குளித்துவிட்டு வந்தாள். வரும்போது டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தாள், ஏனென்றால் தக்கையைப் பிடுங்கும் கருவி எங்களிடம் இல்லை, பிடுங்குவதையே தொழிலாக வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

பாட்டிலைப் பால்கனிக்குக் கொண்டுபோய், பழைய மெத்தையால் சுற்றி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி வைத்தேன். கீழே தெருவில் நின்றவர்களை நகரச் சொன்னேன். அவர்கள் நகரவில்லை, மேலும் நாலு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். உங்கள் அக்காவைக் கட்டிலுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, நான் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். டாக்டர் தன் இடுக்கியை எடுத்து, தக்கையைப் பிடித்து, பழக்க தோஷத்தில் பாட்டிலிடம், "கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்" என்றார். பாதித் தக்கை கையோடு வந்தது. மீதியைக் குனிந்து பார்த்துவிட்டு, "வேர் உள்ள நின்னுடுச்சு சார். நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றார். நாளைக்கெல்லாம் முடியாது, குளியலறை வேண்டும் என்று நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினேன். அவர் வீட்டுக்குப் போய் வேறொரு கருவி கொண்டுவந்தார். அது எதற்குப் பயன்படுவது என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது அமர்வில் வேரும் வந்தது. சத்தம் என்ன வந்தது என்கிறீர்கள்? "உஸ்". களைத்துப்போனவர் நாற்காலியில் உட்காரும்போது வருமே, அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. சைக்கிள் டியூபில்கூட இதைவிட அதிக சத்தம் வரும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ஊற்றியபின் நடந்தது வேறு. நிறம் வெளிர் மஞ்சள், வைக்கோலை விடவும் வெளிர். குமிழிகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் மேலே வந்தன. பக்கத்து அறையில் யாரோ பீச் பழம் நறுக்குவது போல ஒரு வாசனை. உங்கள் அக்கா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நான் வழக்கம்போல, "எப்படி இருக்கு?" என்றேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இனிக்குதுங்க. பூ மாதிரி வாசனை. கடைசியில ஆரஞ்சுத் தோல் மாதிரி ஏதோ ஒண்ணு. நாக்கு நுனியில குறுகுறுங்குது" என்று சொல்லிவிட்டு, என் தலையில் இன்னும் ஹெல்மெட் இருப்பதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்தாள் சிரித்தாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆயிற்று. ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியைக் கீழே இறக்கிவிட்டு நான் கொஞ்ச நேரம் பால்கனியைப் பார்த்து நின்றேன்.

டாக்டர், இனிப்பு பல்லுக்கு ஆகாது என்று தொழில்முறையில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டு டம்ளரை நீட்டினார், ஆட்சேபத்தை மறந்துவிட்டு மறுபடியும் நீட்டினார். நானும் குடித்தேன். மதுவின் அளவு வெறும் ஐந்தரை சதவீதம் என்று லேபிளில் பார்த்தபின்தான் குடித்தேன், ஆனால் அது தலைக்கேறிய பிறகு எல்லா எந்திரமும் எனக்குக் கொடுத்த மரியாதை உத்தியோக காலத்தில்கூடக் கிடைத்ததில்லை. குடித்த கையோடு கட்டடம் முழுவதும் சுற்றி எல்லார் வீட்டு குக்கர் வால்வையும் சோதித்ததாக டாக்டர் சொல்கிறார். யாரும் குறை சொல்லவில்லை, இரண்டு வால்வுகளில் அடைப்பும் இருந்ததாம்.

மைத்துனரே, இனிமேல்தான் விஷயம். ருசி வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அடுத்த வேளைக்கு சூப்பை இரட்டிப்புக் கவனத்தோடு செய்தேன். ஒரு வாய் குடித்தாள். சுவரைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலைங்க." எனக்கு உயிரே போய்விட்டது. பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு டம்ளரை அப்படியே சூப்பில் ஊற்றி, மறுபடியும் குக்கரில் ஏற்றிக் கொடுத்துப் பார்த்தேன். "ஐயோ, பாழாப் போச்சே" என்றவள், உடனே, "இல்ல, ஒண்ணும் தெரியலைங்க" என்று திருத்திக்கொண்டாள். நானும் டாக்டரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அந்த மென்மையான அழுத்தம் நாக்கின் அடைப்பைத் திறக்கிறது, அழுத்தம் தணிந்ததும் நாக்கு மூடிக்கொள்கிறது. ஆகவே இது விருந்துப் பொருள் அல்ல, மருந்து. தயவுசெய்து ஒரு பெட்டி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு கிண்ணம் சூப்புக்கு முன்னாலும் ஒரு சின்ன டம்ளர் கொடுத்தால் உங்கள் அக்காவை நான் மீட்டுவிடுவேன். வேறு எதையும் உங்களிடம் நான் கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

அலையும் காற்றும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும். கேப்டனுக்கு என் வணக்கம். எஞ்சின் அறையில் இருப்பவர்களுக்கு என் ஆசியோடு, வால்வைக் கவனிக்கச் சொன்னேன் என்றும் சொல்லவும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பி.கு.: உறையில் போடும் முன், விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று உங்கள் அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "ருசி எல்லாம் காய்ச்சல் விட்ட வாரமே வந்துடுச்சுங்க" என்றாள். அப்படியானால் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று சொன்னாய் என்றேன். "நீங்க கரண்டியும் கையுமா மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பீங்க. நல்லா இல்லைன்னு சொல்ல மனசு வரல. நல்லா இருக்குன்னு சொன்னா, அதையே நாளைக்கும் பண்ணுவீங்க. அதான்." நான் சமையலறைக்குப் போய், குக்கரில் மிச்சமிருந்த சூப்பை முதல்முறையாக ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். மூன்று மாதம் இதைக் குடித்திருக்கிறாள். மருந்து, அழுத்தம், அடைப்பு என்று மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். பெட்டியை மட்டும் அடிக்க வேண்டாம். முடிந்தால் இரண்டாக அனுப்பவும்.