ரைபிள் பொட்டிட்ட வெர்லின் வான்கோழிக்குப் படையெடுத்தது

வாழ்க வெர்லின் ஹாப்ட்! சஸ்குவேஹன்னா ஆற்றங்கரைத் தோன்றல்! கார் நிறுத்தும் கொட்டகையின் தனிப்பெருங்கோ! சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் வெற்றுக்கூடுகளைக் குனிந்து பொறுக்கியே முதுகு வளைந்த பித்தளைப் பிரபு! அவன் புகழ் பாடவந்த என் நாவைக் கலைமகள் காக்க. பாதியில் சிரித்துவிடாமலும் காக்க.

போருக்குக் காரணம் ஒரு வான்கோழி. நவம்பர் பிறந்தால் எங்கள் ஊர்ச் சுடுகளத்தில் கைத்துப்பாக்கிப் போட்டி. வென்றவனுக்கு உறையவைத்த வான்கோழி. அது விருந்தாகும் நன்றித் திருநாளன்று, வெர்லினின் மாமியார் வீட்டு மேசைத் தலைமாட்டில் நின்று, கத்தியெடுத்துத் தான் வென்றதை அறுப்பவனே அவ்வாண்டின் மாமன்னன். அக்கத்தியோ, வெர்லின் மனைவி லொரெட்டாவின் அண்ணனாகிய, பருத்த மேனியும் அதனினும் பருத்த குரலும் படைத்த டுவெயினின் கையைத் தவிர வேறு கை அறியாதது. வெர்லினுக்கு வாய்த்ததெல்லாம் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவும் பெரும்பேறு. அது அவனுக்கு உண்மையிலேயே வலித்தது.

ஆகவே தவம் பூண்டான். தன் ரிவால்வரின் சுத்தியலை இயக்கும் சுருள்வில்லைத் தானே இளக்கி, விசை வெண்ணெயாய் வழுக்கும்படி செய்தான். வெற்றுக்கூடுகளைத் துலக்கினான், வெடிமருந்தை மணிமணியாய் நிறுத்து நிரப்பினான், ஈயக்குண்டை நகையில் கல் பதிப்பதுபோல் பதித்தான். ஆனால் ஐயகோ! தோட்டாவின் அடியில் பொட்டுப்போல் அமர்ந்து, சுத்தியல் தட்டியதும் பொறி கக்கி மருந்தைக் கொளுத்தும் பிரைமர் என்னும் சின்னஞ்சிறு கிண்ணம், கைத்துப்பாக்கிக்கானது, சுற்றுவட்டாரக் கடை ஒன்றிலும் இல்லை. கிடைத்தது ரைபிளுக்கானது. அளவு அச்சு அசல் அதே. தகடு மட்டும் சற்றுத் தடிப்பு.

"எல்லாம் ஒண்ணுதான் லொரெட்டா! எவ்வளவு கச்சிதமா உக்காருது பாரு!" என்று முழங்கினான்.

"உக்கார்றது சரி. வெடிக்குமா?"

அற்பக் கேள்விகளுக்கு மாவீரர் செவி சாய்ப்பதில்லை. ஒன்றையாவது சுட்டுப் பார்த்திருக்கலாம். செய்த தோட்டாவை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

புலர்ந்தது போர்நாள். செம்மஞ்சள் மேலங்கியும் ஊதுகுழலும் தரித்த களத்தலைவி ஓபல் ஊத, காதடைப்புகள் கவசமென மின்ன, ஊரே மூச்சடக்கி நோக்க, குறிப்பலகை நடுங்கியதோ காற்றில் ஆடியதோ என்று ஐயுற, வெர்லின் கை நீட்டி விசையை அழுத்தினான்.

டிக்.

வெடிக்காத தோட்டா பிந்தி வெடிக்கலாம் என்பதால், ஓபல் தலையசைக்கும்வரை துப்பாக்கிக் குழலைக் குறியிலிருந்து அகற்றக் கூடாது என்பது களவிதி. நின்றான் வெர்லின், நட்ட கல்லாக. யாரோ காப்பி உறிஞ்சுவது கேட்டது. ஓபல் தலையசைத்தாள். மீண்டும் அழுத்தினான். டிக். மீண்டும் நின்றான்.

"என்ன மாப்ளே, குறி பாக்குறியா, பிரார்த்தனை பண்றியா?" என்றான் டுவெயின்.

"வாய மூடு மச்சான்!"

ரிவால்வரின் தோட்டா உருளை முழுச்சுற்று சுற்றி முடிந்தது. ஒரு குருவிகூடப் பறக்கவில்லை.

"நேரம் முடிஞ்சுது வெர்லின். தோட்டாவை எல்லாம் வெளிய எடு," என்றாள் ஓபல்.

டுவெயின் ஒரு தோட்டாவை வாங்கி அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தான். "ரைபிள் பொட்டா வெச்ச? அதுக்கு நல்லா ஓங்கி அடிக்கணும்யா. உன் துப்பாக்கி அடிக்கல, தடவியிருக்கு. எல்லாத்தையும் குடு, என் முறைக்கு இதையே சுடுறேன்."

"யாரோட தோட்டான்னு விதியில ஒண்ணுமில்ல," என்றாள் ஓபல்.

எண்ணெய் காணாத, துருப்பிடித்த வாசற்கதவுத் தாழ்ப்பாள்போல் விசை இறுகிய டுவெயினின் ரிவால்வர் சம்மட்டியென அடித்தது. இடித்தன இடிகள்! எதிரொலித்தன மலைகள்! அத்தனையும் வெடித்தன, அத்தனையும் கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் ஒரே துளையாய்ப் பாய்ந்தன.

"சத்தியமா சொல்றேன் மாப்ளே, இவ்வளவு நல்ல தோட்டா நான் சுட்டதேயில்ல!"

அப்புகழுரை கேட்டு வெர்லினின் மார்பு ஒருகணம் மலையென விம்மியது. வெற்றிவான்கோழியைப் பகைவன் தோளில் சுமந்து செல்லும் காட்சி கண்டு மறுகணமே சரிந்தது. ஆயினும் தோல்வியிலும் தளராத அவ்வீரத்திருமகன், போட்டி மழையால் நின்றதென்னும் மாபெரும் காதை ஒன்றை மனத்தில் புனைந்தவாறு தேரேறித் தன் நகர் நோக்கித் திரும்பினான்.

வெர்லின் வீடு போய்ச் சேர்வதற்குள் டுவெயின் தங்கைக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.