P என்றால் புட்டு

என்னைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லக் கூடாது. சொல்ல வேறு ஆளில்லாதபடியால் நானே சொல்ல வேண்டிக் கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பது என் மனைவியின் கட்சி). சைக்கிளில் கத்தரிக்காய் நிரப்பிய ஓலைக் கடகம் கட்டிக்கொண்டு கொடிகாமம் சந்தைக்குப் போன நான், தலை நரைக்க முதலே சொந்த லொறி வாங்கினேன். நான் எடுத்த முடிவு எதுவும் பிழைத்ததில்லை. அந்த மிசின் விசயத்திலும் பிழைக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். வீட்டில்தான் ஒருவரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.

அது கரண்ட் இருந்த காலம். வரும், போகும், ஆனால் இருந்தது. என் மூத்த மகள் வசந்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை அச்சுவேலி, தபால் கந்தோரில் வேலை. கோயில் திருவிழாவில் ஆளைத் தூரத்தில் வைத்துக் காட்டினோம். எந்தப் பெடியனைக் காட்டினாலும் முகத்தைச் சுளிக்கிறவள், நிலத்தைப் பார்த்தபடி "எனக்கு ஓம்" என்றுவிட்டாள். சாதகமும் பொருந்திவிட்டது. இனிப் பொருந்த வேண்டியது மாப்பிள்ளையின் தாய் ஒருவர்தான்.

அந்த அம்மா ஏற்கெனவே இரண்டு வீடு பார்த்து, இரண்டிலும் ஒரு வாய் பலகாரம் கூடத் தொடாமல் எழும்பிப் போனவர். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மனதுக்குச் சரி என்று படும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாவிட்டால் "அறிவிக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த அறிவிப்பு ஒருநாளும் வந்து சேராது.

"எப்பிடியும் அந்த மனிசியைச் சாப்பிட வைக்கோணும்," என்றேன் மனைவி நாகேஸ்வரியிடம்.

"அதுக்கு என்ரை கைப் புட்டுக் காணும். நீங்கள் ஒண்டும் செய்யாமல் ஒரு கதிரையிலை இருந்தாலே பெரிய உபகாரம்."

ஒன்றும் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. புட்டு நல்ல புட்டுத்தான், ஆனால் மாவைக் குழைத்து, தகரச் சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்தி உதிர்த்து, அவித்து முடிப்பதற்குள் வந்தவர்கள் "அறிவிக்கிறம்" என்று எழும்பிவிடுவார்களே! அவர்கள் கதிரையில் இருக்கவும் புட்டு முன்னால் வரவேண்டும். லொறியை யாழ்ப்பாணம் ரவுணுக்குத் திருப்பினேன்.

மின்சாரச் சாமான் கடையில் மூன்று மிசின் வரிசையாக இருந்தன. கடைக்காரர் பொறுமைசாலி.

"அண்ணை, உந்தச் சின்னன் சம்பல் மட்டும் அரைக்கும். நடுவிலான் அரைக்கும், துருவும், வெட்டும், மாவும் குழைக்கும். உந்தப் பெரிசு எல்லாம் செய்யும். பாதுகாப்பும் கூட. மூடி பூட்டாட்டில் ஓடாது."

"மூடி திறந்தால் ஓடாதோ?"

"ஓடாது அண்ணை."

"சட்டிக்கை எட்டிப் பாக்காமல் ஆர் சமைக்கிறது? நாளைக்கு அடுப்பும் கதவு பூட்டினால்தான் எரியும் எண்டு விப்பியள். அங்காலை வையும்."

சின்னதை வாங்கினால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள். அதனால் நடுவிலானைத் தூக்கிப் பார்த்தேன். பாரமும் பதமாக இருந்தது. நல்ல பூசணிக்காயை நான் அப்படித்தான் தெரிந்தெடுப்பது வழக்கம். திருகில் 1, 2 என்று இருந்தது. மற்றப் பக்கத்தில் P என்று ஓர் எழுத்து. (அந்த எழுத்தைத் தமிழில் எழுதினால் வீட்டுப் பெண்கள் ஏசுவார்கள். இங்கிலீசிலேயே கிடக்கட்டும்.)

எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதும் லொறி நம்பர்ப் பலகைகளில் படித்தது. ஆனாலும் மூளை வேலை செய்தது.

"இது புட்டுக்கு, என்ன?"

"இல்லையண்ணை, அது விட்டு விட்டு..." என்று அவர் தொடங்கவும் வேறொருவர் கூப்பிட்டார்.

"விளங்குது, விளங்குது. நீர் அவரைப் பாரும்," என்றேன். மிசின் செய்தவனுக்கு யாழ்ப்பாணத்தார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரன் என்று மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். தாய், தகப்பன், மாப்பிள்ளை. தகப்பன் கதைக்கிற ஆளில்லை. தாய், கதிரையின் நுனியில் இருந்தார். முழுதாக இருந்தால் சம்மதம் என்று நினைத்துவிடுவோமாம்.

"நாங்கள் ஒண்டும் சாப்பிடமாட்டம். வில்லங்கப்படாதேங்கோ."

கதவு மறைவில் நின்ற வசந்தியின் முகம் வாடியதை நான் கண்டேன். நேரே குசினிக்குப் போனேன். நாகேஸ்வரி வறுத்த சிவப்பரிசி மாவைக் குழைத்து வைத்துவிட்டுச் சுண்டைக் கையில் எடுத்திருந்தாள்.

"உந்தச் சுண்டை வையும். மிசின் கொத்தும்."

"கடவுளே, இண்டைக்கு வேண்டாமப்பா!"

மாவை உள்ளே போட்டு, மூடி, திருகை P பக்கம் திருப்பினேன். "உர்" என்றது. கையை எடுத்தேன், திருகு திரும்பி வந்து நின்றுவிட்டது. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் வந்துவிட்டது. பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் போல! ஆனால் இருபது வருசம் மூட்டை கட்டினவனுக்கு இது ஒரு வேலையா? சணல் கயிறெடுத்து, திருகை P பக்கம் இழுத்து, லொறிக்குப் போடுகிற முடிச்சொன்று போட்டேன். கொழும்புவரை போனாலும் அவிழாத முடிச்சு அது.

மிசின் பேயறைந்ததுபோலக் கத்தியது. உள்ளே புட்டைக் காணோம். மா எல்லாம் திரண்டு ஒரே கட்டியாகச் சுழன்றது. சத்தம் கேட்டுத் தாய் குசினி வாசலுக்கு வந்துவிட்டார், பின்னால் தகப்பன்.

"உதென்ன சத்தம்?"

"மிசின் புட்டம்மா! இந்தப் பகுதியிலையே எங்கடை வீட்டிலைதான் கிடக்கு. கிட்ட வந்து பாருங்கோ!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. மிசினும் நின்றது. நான் மூடியைக் கழற்றி, "பாருங்கோ, எப்பிடிப் பதமாய் வந்திருக்கு!" என்று கட்டியை அகப்பைக் காம்பால் குத்தி உடைத்துக் காட்டினேன். அவர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"இது புட்டோ? ஆ..."

அந்த "ஆ" முடிய முதல் கரண்ட் வந்தது.

நடுவிலான் மூடி இல்லாமலும் ஓடக்கூடியவன். அதற்காகத்தானே நான் அவனைத் தெரிந்தெடுத்தேன்! சிவப்பு மா கூரைக்குப் போனது, சுவாமி படத்துக்குப் போனது, என் மூக்குக்குள் போனது. அகப்பைக் காம்பு இரண்டாகிப் பறந்தது. ஒரு நல்ல உருண்டை மட்டும், நேர்த்தி வைத்ததுபோல, அந்த அம்மாவின் திறந்த வாய்க்குள் போய் இருந்தது.

நான் முடிச்சை அவிழ்க்கப் பாய்ந்தேன். அது என் முடிச்சு, அவிழுமா? நாகேஸ்வரிதான் பிளக்கைப் பிடுங்கினாள்.

அந்த அம்மாவின் கன்னம் உப்பியிருந்தது. துப்புவதென்றால் எங்கள் முன்னால் துப்பவேண்டும். பெரிய இடத்து மனிசி, அது முடியாது. வசந்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை கண்ணில் முட்டி நின்றது. அந்த அம்மா அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு மெல்லத் தொடங்கினார். மென்றார். விழுங்கினார்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத தகப்பன் தொண்டையைச் செருமினார்.

"இஞ்சாரும், சாப்பிட்டிட்டீர் போல கிடக்கு."

அந்த அம்மா அவரை முறைத்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். பிறகு நாகேஸ்வரியைப் பார்த்துச் சொன்னார்:

"உப்புக் காணாது."

சுவரெல்லாம் மா, கூரையெல்லாம் மா. அதற்கெல்லாம் வராத கோபம் நாகேஸ்வரிக்கு அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. "என்ரை புட்டுக்கு உப்புக் காணாதோ? உந்த மனிசன் பழுதாக்கினதைச் சாப்பிட்டிட்டுச் சொல்லக் கூடாது. இருங்கோ, நான் கையாலை கொத்தித் தாறன், சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ!"

"கொண்டு வாங்கோ பாப்பம்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்க் கதிரையில் இருந்தார். இந்த முறை முழுக் கதிரையிலும்.

புட்டுக்கு எந்தக் குறையும் சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பொரியல் இரண்டாம் தரமும் கேட்டார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் முற்றத்துக்கு ஓடிப்போய் நின்றார். அடுத்த முகூர்த்தத்தில் கலியாணம்.

P என்றால் 'பல்ஸ்', தட்டி விட்டு விட்டு ஓட்டுவது என்று பிறகு ஆரோ சொன்னார்கள். இப்போது வசந்தி கனடாவில் அப்படித் தட்டித் தட்டித்தான் புட்டுக் கொத்துகிறாள். ஆகவே P புட்டுத்தான் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். முடிச்சு ஒன்றுதான் கூடிப்போனது.

போன வருசம் அவளிடம் போயிருந்தேன். கார் கடைத்தெருவால் போகும்போது பேத்தி பின்னாலிருந்து கத்தினாள்: "அப்பா, நிப்பாட்டுங்கோ! தாத்தாவுக்குப் புட்டு!" வெளியே பார்த்தேன். நீலப் பலகையில் பெரிதாக P. கார் நிப்பாட்டி விடுகிற இடத்துக்கு அந்த அடையாளமாம். காருக்குள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன் ஆசனத்தில் இருந்த, மகனோடு கனடாவிலேயே தங்கிவிட்ட சம்பந்தியம்மாதான் ஆகக் கூடச் சிரித்தார்.

சிரித்து முடிய, திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "உப்புப் போட்டிருப்பாங்களோ தெரியாது, அண்ணை."