கெட்டிமேளத்தை நிறுத்திய டைரக்டர்

சிட்னியில் தமிழ்க் கல்யாண வீடியோ எடுத்தவர்களில், மணமக்களைப் படம் பிடிக்க அறவே விருப்பமில்லாத ஒரே மனிதர் எங்கள் டைரக்டர்தான்.

மனிதர் ஆர்மேனியாக்காரர். அவருடைய பெயர் எங்கள் வாய்க்குள் நுழையாததால் ஸ்ட்ராத்ஃபீல்ட் பகுதித் தமிழருக்கெல்லாம் அவர் டைரக்டர். தன் நாட்டில் மூன்று படம் எடுத்தவராம். ஒன்றில் கதாநாயகன் கழுதை. மற்ற நடிகர்களைவிட அது சொன்னபடி கேட்டதாம். சிட்னிக்கு வந்தும் ஒரு கதையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். நாலரை மணித்தியாலப் படம் என்றதும் தயாரிப்பாளர்கள் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. வயிறு கேட்குமா? எங்கள் கல்யாணங்களுக்கு வந்து சேர்ந்தார்.

என் மச்சானின் ஐம்பதாவது பிறந்தநாளில், கேக் வெட்டும்போது டைரக்டரின் கமெரா மூலைக் கதிரையில் இருந்த ஓர் அங்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தனியே ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அந்த முகத்தில் பெரிய சோகம் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் விளக்கம் வேறு. அங்கிளுக்குக் கொலஸ்ட்ரோல். வீடியோ பார்த்த அவர் மனைவி, எங்கள் அன்ரி, மூன்றாவது தட்டையும் கண்டுவிட்டார். உண்மையான சோகம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

டைரக்டரின் பரம எதிரி எங்கள் முதுகு. தாலி கட்டும் நேரம் சபை முழுவதும் எழும்பி, ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு மணவறையைச் சூழ்ந்துவிடும். “உங்கள் கல்யாணங்களில் நான் தாலியைக் கண்டதே இல்லை, கோட்டுப் போட்ட முதுகுகளைத்தான் கண்டிருக்கிறேன்” என்று புலம்புவார்.

என் கல்யாணத்துக்கு அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. சாவகச்சேரியில் இருந்தபடி போனில் நேரடியாகப் பார்ப்பதுதான் ஒரே வழி. நேரடி ஒளிபரப்பு என்றாலே டைரக்டருக்கு வேப்பங்காய். “அம்மா தாலிகட்டைப் பார்த்தால் போதும்” என்று கெஞ்சினேன். அரை மனதோடு சரியென்று தலையாட்டினார்.

முகூர்த்தம் வந்தது. ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது, முதுகுகள் எழும்பின.

“கட்!”

மேளம் நின்றது. ஐயரின் மந்திரம் தொண்டையில் நின்றது. தாலியோடு என் கையும் அந்தரத்தில் நின்றது. டைரக்டர் ஒரு கதிரைமேல் ஏறி நின்று, கல்யாண வீடுகளில் பொறுக்கிய தமிழ் முழுவதையும் கொட்டினார்.

“இருங்கோ! எல்லாரும் இருங்கோ! அம்மா பாக்கிறா!”

“நல்ல நேரம் போகுது, ஆரடா இந்த விசரன்?” என்று பெரியப்பா பாய்ந்தார்.

“பெரியப்பா, அம்மாவுக்கு மறைக்குது. இருங்கோ!” என்று நானும் கத்தினேன்.

பெரியப்பா கதிரையில் போய் அமர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இருந்தார்கள். டைரக்டர் விரலைச் சொடுக்க, மேளம் மறுபடி முழங்க, நான் தாலி கட்டினேன்.

மணவறையை விட்டு இறங்கியதும் அம்மா அழைத்தார்.

“வடிவாக் கண்டனான் தம்பி, மூண்டு முடிச்சும் கண்டனான். அந்தக் கதிரையில ஏறின மனுசன் சாப்பிட்டவரோ? முதல்ல அவருக்குச் சாப்பாடு குடு.”

கொடுத்தேன். இன்றும் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் தேங்காய்ப்பால் சொதியில் புளி காணாது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறார். ஒரு ஞாயிறு அவர் பிந்தினாலும், நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைப்பதில்லை.