சிதம்பரத்தில் நான் நடத்திய தம்பதி ஜெபம்

குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சபையில் பேசக் கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டும். மனைவியை அழைத்துக்கொண்டு போகவே கூடாது. இந்த ஞானம் எனக்குச் சிதம்பரத்தில், ஒரு சபையே பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் போட்ட நிலையில் கிடைத்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. (அதற்குள் ஊருக்கே புத்தி சொல்லும் தகுதி வந்துவிட்டதாக நினைப்பு.) சிதம்பரத்தில் ஒரு சின்னச் சபையின் போதகர், கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் 'கிறிஸ்தவக் குடும்பம்' என்று ஒரு கூட்டம் வைத்து, பேச என்னைக் கூப்பிட்டார். என் மச்சான் டேனியலுக்கு, அதாவது என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பிக்கு, அந்தச் சபைப் பெண் ஜெனிபரைத்தான் நிச்சயம் செய்திருந்தோம். அடுத்த வாரம் முதல் ஓலை. (கல்யாண அறிவிப்பைச் சபையில் வாசிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

எங்கள் ஊர் செம்மண்டலத்தில் பஸ் ஏறும்போதே நான் பாதிப் பிரசங்கியார் ஆகிவிட்டேன். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதாகமம்.

"ஏங்க, ரொம்ப நேரம் இழுக்காதீங்க. எல்லாருக்கும் பசிக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா வா. சிரிச்ச மொகமா ஒக்காந்திருந்தா போதும்."

(இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

கூட்டத்துக்கு முன்பு தண்ணீர் குடிக்கப் போதகர் வீட்டுக்குள் போன ஸ்டெல்லா, வெளியே வரும்போது சிரித்த முகமாக இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. கையில் மைக் வந்த பிறகு மனைவியின் முகத்தை யார் பார்ப்பார்கள்?

வெளுத்து வாங்கினேன். "எங்க வீட்டுல ஒரு ஊசி வாங்கறதா இருந்தாலும் ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவெடுப்போம். ஒளிவு மறைவே கெடயாது!" ஜெனிபரின் அம்மா தலையாட்டி ரசித்தார். அந்த உற்சாகத்தில், யாரும் கேட்காமலே ஓர் அறிவிப்பு வேறு விடுத்தேன். "இப்ப நானும் என் மனைவியும் ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபிப்போம். அப்புறம் நிச்சயமான ஜோடிங்களும் ஜெபிக்கலாம்."

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. நேருக்கு நேர் சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவார்கள். மாமியார் மருமகளைப் பற்றி, தம்பி அண்ணனைப் பற்றி, எல்லாம் கடவுளிடம் முறையிடுவதுபோல. கேட்டுக்கொண்டிருப்பவர் வாயைத் திறக்க முடியாது, ஜெபத்தில் குறுக்கிடலாமா? இந்த ஆபத்தைச் சுத்தமாக மறந்து, மைக்கை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன்.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

"எங்கப்பா எனக்குக் கல்யாணத்துக்குச் செஞ்சு குடுத்த தேக்குக் கட்டிலு வார்னிஷ் அடிக்கப் போயிருக்குன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு ஆண்டவரே. அது இங்க பாஸ்டர் வீட்டு உள்ரூமுல கெடக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதகரின் ஸ்தோத்திரம் பாதியில் நின்றது. (நான் அனுப்பிய கட்டில் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

"என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சந்தோஷமா குடுத்திருப்பேன். பொய் பேசாத வாயை அவருக்குக் குடும். ஆமென்."

பெண்கள் பக்கமிருந்து வந்த ஆமெனில் ஜன்னல்கள் அதிர்ந்தன. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்து யாரைப் பார்ப்பது?

இதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். "நானும் ஜெபிக்கணும்" என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால் ஜெனிபர் எழுந்து நிற்கிறாள். அவள் அந்த ஊரிலேயே நர்ஸ், அதிர்ந்துகூடப் பேசாத பெண்.

"ஆண்டவரே, கல்யாணம் ஆனதும் நான் வேலைய உட்டுடுவேன்னு டேனியல் எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. என்னைக் கேக்கல. நான் உட மாட்டேன். இது அவருக்குச் சம்மதமில்லன்னா அடுத்த வாரம் ஓலை வாசிக்க வேணாம்."

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்தாள். தம்பியின் கல்யாணம் கண்ணெதிரே கலைகிறதே! ஜோடிகளை ஜெபிக்கச் சொன்னவன் நான்தானே.

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த டேனியல் எழுந்தான்.

"ஆண்டவரே, நான் செஞ்சது தப்பு. ஜெனிபர் வேலைய உட வேணாம். வேணும்னா நானே சிதம்பரத்துக்கு வந்துடறேன்..."

அத்தோடு முடித்துவிடு மச்சான் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவன் முடிக்கவில்லை.

"ஆனா ஆண்டவரே, 'மொதல்ல நீ முடிவு பண்ணிடு மச்சான், பொண்ணுகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்'னு எனக்குச் சொல்லிக் குடுத்தது மாமாதான்."

(சொன்னேன்தான். அதுவும் ரொம்பப் பெருமையாக.)

ஜெபத்தில் இருந்த சபை மொத்தமும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஜெனிபர் மட்டும் டேனியலைப் பார்த்தாள். "இதையே கண்ணத் தொறந்துகிட்டு, என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னான். அவள் "ஆமென்" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஓலை வாசித்தார்கள், கல்யாணமும் நடந்தது. ஜெனிபர் இன்றும் வேலைக்குப் போகிறாள். நைட் டூட்டி உள்ள நாட்களில் டேனியல்தான் சமைக்கிறான். அந்தச் சபையில் வருஷா வருஷம் குடும்பக் கூட்டம் நடக்கிறது, பேசுவது ஸ்டெல்லா. நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

போன வாரம் வீட்டுக்குத் தாமதமாக வந்து, "ஆபீஸ்ல வேல ஜாஸ்தி" என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்கி, "அம்மா, அப்பாவுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்றாள். அவர்கள் இருவரும் கண்ணை மூடுவதற்குள், பீச்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றதை முழுசாக ஒப்புக்கொண்டுவிட்டேன்.