வழியெல்லாம் அட்டை இருக்கும்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆண்பிள்ளை இருந்தால் எனக்குக் காட்டுங்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், இல்லை வயதைக் குறைத்துச் சொல்வார்கள். நான் மலையேறியிருப்பதாகச் சொன்னேன்.

பெண்ணின் அப்பா விருதுநகரில் ரயில்வே கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தியலும் கையுமாகத் தினமும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிற வேலை. மூணாறுப் பக்கம் ஒரு காலத்தில் ரயில் ஓடி, வெள்ளத்தில் போன பாதையின் மிச்சத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அதைச் சொன்னதும், "நான் போயிருக்கேனே, வழி அத்துப்படி" என்றேன். (கேசரித் தட்டை நீட்டிய பெண்ணைப் பார்த்திருந்தால் நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.)

"அப்பச் சரி தம்பி, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்க. வந்து மத்ததைப் பேசுவோம்" என்றார். மத்தது என்றால் கல்யாணம்.

மலையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் ரகசியமாக வழி கேட்டேன். "இப்படியே மேல போங்க. வழியெல்லாம் அட்டை இருக்கும், பாத்துப் போங்க" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. நான் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். எங்களுக்கு அட்டை என்றால் கட்டுக்கட்டாக லோடு வந்து இறங்குமே, அந்தக் காலண்டர் அட்டைதான். பரவாயில்லையே, வழி நெடுக அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் நடந்தோம். பாதை இரண்டாகப் பிரிந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் இரண்டாகப் பிரிந்தது. நான் மரம் மரமாக அண்ணாந்து பார்த்தேன்.

"எந்தப் பக்கம் தம்பி?"

"அட்டை வரும், கொஞ்சம் பொறுங்க."

"அட்டையா?"

"ஆமா. போன தடவை நெறைய இருந்துச்சு. யாரோ கழட்டிட்டாக போல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். (என் அனுபவத்தை வியக்கிறார் என்று நினைத்தேன்.) இன்னும் கொஞ்சம் நடந்ததும் நின்று, வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். ஒரே ரத்தம். கெண்டைக்காலில் கொழுகொழுவென்று மூன்று தொங்கின.

"அட்டை வந்திருச்சு தம்பி. எந்தப் பக்கம்னு கேளுங்க."

என் பேண்ட்டுக்குள் ஏழெட்டு இருந்தன. புல்லுக்குள் கிடந்த ஏதோ இரும்பில் உட்கார்ந்து, அலறிக்கொண்டே பிய்த்துப் போட்டேன். எங்கே இருக்கிறோம், எப்படித் திரும்புவது, ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணம் கைவிட்டுப் போனது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அவர் கிட்டே வந்து, கையிலிருந்த கம்பால் அந்த இரும்பைத் தட்டிப் பார்த்தார். குனிந்து மண்ணை விலக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எந்திரிங்க மாப்பிள்ளை. தண்டவாளத்து மேலயே உக்காந்திருக்கீக."

தண்டவாளம்கூடப் புரிந்தது. அந்த 'மாப்பிள்ளை'தான் ரொம்ப நாள் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சொன்னாள். "அந்தப் பையனுக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரலை, பயமில்லாமப் பொண்ணு குடுக்கலாம்" என்று அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னாராம்.

இப்போதும் குடும்பத்தோடு காரில் போகும்போது, "எனக்கு வழி தெரியும்" என்று நான் வாயைத் திறந்தால் போதும். பின்சீட்டில் மாமனார் முதல் என் மகள் வரை எல்லோரும் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்கிறார்கள்.