மேல்தட்டுச் சாப்பாடு

கப்பல் ஏறினால் முதல் வேலையாக நண்டு தின்பது என்று அருணகிரி சபதம் எடுத்தபோது, கப்பல் சிங்கப்பூரில் நின்றுகொண்டிருந்தது. அவர் திருவண்ணாமலையில், திருவூடல் தெருவில், ஒரு கிண்ணம் சுரைக்காய்க் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

சுரைக்காய்க்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஆடி மாசம் டாக்டர், "கொழுப்பு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி உண்ணாமலை, "அது எனக்குக் கல்யாணமான வாரமே தெரியும் டாக்டர். ரத்தத்துலயும் இருக்குதா?" என்று கேட்டாள். அன்றோடு அந்த வீட்டில் ஆடு, கோழி, மீன், முட்டை எல்லாம் நின்றுபோயின. அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரின் முதல் பாதி "உண்ணா" என்று இருப்பதை அருணகிரி அப்போதுதான் கவனித்தார்.

தெருவின் பெயரையும் சொல்லிவிட வேண்டும். தை மாசம் சாமியும் அம்மனும் கோபித்துக்கொள்கிற திருவூடல் திருவிழா அங்கேதான் நடக்கும். சாமிக்கு வருஷத்தில் ஒரு நாள் சண்டை. அருணகிரிக்கு அந்த மாதிரி வரையறை எதுவும் கிடையாது.

தேரடித் தெருவில் அவருக்கு மிக்சி, கிரைண்டர் கடை. 2003 தீபாவளிக்கு அவர் செய்த விற்பனையைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களே பயந்துபோனார்கள். தனிக்கட்டைக்குக் கல்யாண சைஸ் கிரைண்டர் விற்ற வாய் அது. கம்பெனி ஆள் மாறன் கடைக்கே வந்து கையைக் குலுக்கினான்.

"சார், குடும்பத்தோட கப்பல் பயணம். உங்களுக்கும் பீர் முகம்மது சாருக்கும். கீழ்த்தட்டுல பெரிய சாப்பாட்டு ஹால் இருக்கு. எல்லாம் ஃப்ரீ. எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் தின்னுக்கிட்டே இருக்கலாம்."

"நண்டு போடுவாங்களா?"

"அது மேல்தட்டுல சார். அங்க தனி ஹால். வயலின் வாசிப்பாங்க. நண்டு, இறால் எல்லாம் உசுரோட காட்டி, இது போதுமான்னு கேட்டுட்டு சமைப்பாங்க. ஆனா அதுக்குத் தனியாக் காசு கட்டணும், முன்னாடியே சொல்லி வெக்கணும். சின்னப் பசங்கள உள்ள விட மாட்டாங்க. அடல்ட்ஸ் ஒன்லி."

அதே கம்பெனி மின்விசிறி விற்கும் பக்கத்துக் கடையில் கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்த பீர் முகம்மது, கடைசி இரண்டு வார்த்தையில் விழித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா ஒன்லி?"

"சாப்பாடு பாய், சாப்பாடு."

"தூ" என்று திரும்பப் போனவரை அருணகிரி பிடித்து உட்கார வைத்தார். மனசில் திட்டம் பிறந்துவிட்டது. மேலே பசங்களுக்கு அனுமதி இல்லை. பசங்களை விட்டுவிட்டு உண்ணாமலை வர மாட்டாள். ஆகவே, இரண்டு பேருக்கும் சேர்த்தே சீட்டு சொல்லி வைத்தால் நல்ல புருஷன் என்ற பெயர் கிடைக்கும். கடைசி நேரத்தில் அவள் கீழே பசங்களோடு நின்றுவிட்டால் நண்டும் கிடைக்கும்.

பீர் முகம்மதுக்கும் திட்டம் பிடித்திருந்தது. அவருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. அவர் மனைவி முன்னி பேகத்துக்குப் பேச்சுக் கட்டுப்பாடு கிடையாது. "ஒரே ஒரு வேளை, அண்ணே. காதுல ஒரு சத்தமும் விழாம ஒரு மீன் துண்டு. அல்லா கொடுத்தா போதும்."

நான்கு சீட்டுக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் அருணகிரி வீட்டில் வாயைத் திறந்தார். நண்டு என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

"அடல்ட்ஸ் ஒன்லியா?" உண்ணாமலை கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு என்னை இன்னா மாதிரி எடத்துக்குக் கூப்புடறீங்க?"

"சினிமா இல்லடி. சாப்பாடு."

"சாப்பாட்டுல இன்னாங்க அப்பிடி? இட்லி மேல இருக்கற துணிய நம்ம எதிர்லயே உரிப்பாங்களா?"

"அம்மா, அடல்ட்ஸ்னா இன்னா?" என்று ஒண்ணாவது படிக்கும் இனியா கேட்டாள்.

"சுரைக்காயை மிச்சம் வெக்காம சாப்புடறவங்க."

அருணகிரி அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். "அமைதியா ஒக்காந்து சாப்புடலாம், அதுக்குத்தான் அந்தக் காசு."

"கீழ சும்மா சோறு போடறாங்கன்றீங்க. மேல ஏறிப் போயி அமைதிய வாங்கித் திங்கணுமா? அமைதி வேணும்னா நீங்க கொஞ்சம் பேசாம இருந்தாலே போதுமே."

இந்த மாதிரி வாடிக்கையாளர்களை அருணகிரி நிறையப் பார்த்தவர். குரலை இறக்கினார்.

"உண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். கல்யாணமாகி இத்தினி வருஷத்துல நீ ஒரு தோசைய சூடா தின்னிருக்கியா? நீ சுடற, நாங்க தின்றோம். நீ தட்டு வெச்சு ஒக்கார்றப்ப ஒருத்தன் தண்ணி கேக்கறான், ஒருத்தி கை கழுவி வுடுன்றா, நான் பனியனக் காணோம்ன்றேன். உனக்குன்னு ஒருத்தன் நாற்காலிய இழுத்துப் போட்டு, 'அம்மா, உங்களுக்கு இன்னா வேணும்'னு இதுவரைக்கும் கேட்டிருக்கானா? அந்த ஒரு வார்த்தைக்குக் காசு கொடுத்தா இன்னா தப்பு?"

உண்ணாமலை முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெசமாவா சொல்றீங்க?"

அருணகிரி அவள் கண்ணைப் பார்க்காமல் சுரைக்காயைப் பார்த்தார்.

"அண்ணாமலையார் மேல சத்தியம்."

"பசங்கள யாரு பாத்துப்பா?"

"அங்க போயி பாத்துக்கலாம்."

வேலையின் கஷ்டமான பாகம் முடிந்தது. மிச்சம் இருந்தது முள்கரண்டி. நண்டை எதிரே வைத்துக்கொண்டு ஆயுதம் தெரியாமல் நிற்கக் கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணகிரியும் பீர் முகம்மதுவும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் பாயில் உட்கார வேண்டியிருந்தது. சுற்றிலும் ஜெர்மனியும் பிரான்சும் வேட்டி கட்டிக்கொண்டு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தன. எதைச் சொன்னால் கத்தியும் முள்ளும் தருவார்கள் என்று தெரியாமல், பக்கத்து ஆளைக் காட்டி "அதே" என்றார்கள். ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பச்சை இலை வந்தது. நடுவில் இரண்டு வெள்ளரித் துண்டு.

"அண்ணே," பீர் முகம்மது இலையை முள்ளால் தூக்கிப் பார்த்தார், "இதுக்கா பிளேன் ஏறி வர்றானுங்க? எங்க வூட்டு ஆடு நடந்தே போயி தின்னுட்டு வருது."

அருணகிரி வெள்ளரித் துண்டைக் கத்தியால் அமுக்கியதில் அது எழும்பிப் போய் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் மடியில் விழுந்தது. பாட்டி கண்ணைத் திறந்து, அதைப் பிரசாதம் போல எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். பயிற்சி அத்தோடு முடிந்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அருணகிரி பசங்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் கடைசி ஏற்பாட்டைச் செய்தார்.

"கப்பல்ல ஒரு நாள் சாயங்காலம் அம்மா பட்டுப் புடவை கட்டிக்கிட்டுக் கெளம்புவாங்க. அப்ப நீங்க ரெண்டு பேரும் காலப் புடிச்சுக்கிட்டு அழுவணும். போவாத, நீ இல்லாம பயமா இருக்குதுன்னு அழுவணும். அழுதா ஆளுக்கு ரெண்டு ஐஸ்கிரீம்."

மூணாவது படிக்கும் இனியன் கொஞ்சம் யோசித்தான். "தரையில பொரளணுமாப்பா?"

"பொரண்டா மூணு."

பீர் முகம்மதுவும் தன் மகள் ரூக்ஸாருக்கு அதே பாடத்தை நடத்தி முடித்திருந்தார்.

சென்னை போய், பிளேன் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, கப்பலுக்குள் நுழைந்த கதையை விட்டுவிடலாம். கப்பல் பெரிய கோயில் மாதிரி இருந்தது என்றும், செருப்போடு விடுகிறார்களே என்று உண்ணாமலை சங்கடப்பட்டாள் என்றும் சொன்னால் போதும். கீழ்த்தட்டு ஹாலில் எல்லாம் இலவசம்தான். அருணகிரி ஆசையாகத் தட்டை எடுத்த போதெல்லாம் உண்ணாமலை முன்னால் போய், வேகவைத்த காய்கறி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். எட்டு நாட்டுச் சமையலில் அவருக்குக் கிடைத்தது எட்டு நாட்டுக் காய்கறி. அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். பொறுமையாக இருந்தார். அந்தச் சாயங்காலம் வந்தது.

உண்ணாமலை அரக்குப் பட்டுப் புடவையில் நின்றாள். பூ கிடைக்காததால் கப்பல்காரர்கள் மேஜையில் வைத்திருந்த ஏதோ ஊதாப் பூவைக் கிள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். முன்னி பேகம் ஜரிகை துப்பட்டாவில் வந்து சேர்ந்தார். அருணகிரி கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தார், பொத்தான் போடவில்லை. பொத்தானுக்கும் துளைக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. மேலே போகிற படிக்கட்டுக்குக் கீழே எல்லாரும் கூடினார்கள்.

அருணகிரி இனியனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

இனியன் தொபீரென்று தரையில் விழுந்தான். இனியா பாய்ந்து காலைக் கட்டிக்கொண்டாள். கத்தலில் ஜப்பான்காரர் ஒருவர் மிதவைச் சட்டையைத் தேடி ஓடினார்.

"போவாதப்பா! நீ இல்லாம பயமா இருக்குதுப்பா!"

கால் தன்னுடையது என்பது அருணகிரிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

"ஏய், என்னை இல்லடா, அம்மாவ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"அப்பாதான் வேணும்!" இனியன் புரண்டான். இடதுபக்கம் ஒரு சுற்று, வலதுபக்கம் ஒரு சுற்று.

"அப்பாஜான்!" என்று ரூக்ஸார் பீர் முகம்மதுவின் கழுத்தில் தொங்கினாள்.

கூட்டம் கூடிவிட்டது. பல நாட்டுப் பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இப்படி ஓர் அப்பாவா என்று உருகினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார்.

"பாத்தீங்களா," உண்ணாமலை குரல் தழுதழுத்தது. தழுதழுப்பு கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது. "உங்க மேல எவ்ளோ பாசம்! இதுங்கள வுட்டுட்டு உங்களுக்கு அங்க தொண்டையில எறங்குமா?"

"எறங்... எறங்காது" என்றார் அருணகிரி. போட்டோ எடுத்தவர் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க போயிட்டு வர்றோங்க. நீங்கதான அவ்ளோ சொன்னீங்க. வாங்கக்கா."

இரண்டு பெண்களும் படியேறினார்கள். முன்னி பேகத்தின் பேச்சு மேலே போகப் போகத் தேய்ந்து, ஒரு கதவு மூடியதும் நின்றது. கதவு திறந்திருந்த கொஞ்ச நேரத்தில் வயலின் சத்தமும் வெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசனையும் இறங்கி வந்தன.

"டேய்," அருணகிரி மகனைத் தூக்கி நிறுத்தினார். "அப்பா இன்னாடா சொன்னேன்?"

"மூணு ஐஸ்கிரீம் சொன்ன. அதை நான் சென்னை போறப்ப பஸ்ல அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு அவங்க, உங்க அப்பா காலப் புடிச்சா மூணு ஐஸ்கிரீமும் உண்டு, நாளைக்கு முழுக்க நீச்சல் குளத்துலயே கெடக்கலாம், லீவு முடியற வரைக்கும் வாய்ப்பாடு கேக்க மாட்டேன்னு சொன்னாங்க." இனியன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். "நீ கம்மியா சொல்லிட்டப்பா."

இரண்டு அப்பாக்களும் மூன்று பிள்ளைகளும் கீழ்த்தட்டு ஹாலுக்குப் போனார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஒருவனுக்கு வேறு கரண்டி. ரூக்ஸார் தக்காளி சாஸை பீர் முகம்மதுவின் வெள்ளைச் சட்டையில் கவிழ்த்தாள். இனியாவைக் கை கழுவ அழைத்துப்போய்த் திரும்பியபோது அருணகிரியின் சூப்பில் ஆடை படிந்திருந்தது. சூடு பண்ணக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இனியனுக்குப் பாத்ரூம். அவர் கடைசியாக வாயில் வைத்த உருளைக்கிழங்கு ஆறி, ரப்பர் மாதிரி இருந்தது. அதை மென்றுகொண்டே, தினமும் இப்படித்தான் தின்கிறாளா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் இனியா மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

அவர் மண்டியிட்டு அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது பட்டுப் புடவையின் கரை கண்ணில் பட்டது. எழுந்தார். உண்ணாமலையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"சாப்ட்டீங்களாங்க?"

"ஆச்சு. மேல... இன்னா போட்டாங்க?"

"நண்டுங்க. இம்மாம் பெருசு. நாலு பேருக்குக் காசு கட்டிட்டீங்களாம், நாலு தட்டு கொண்டாந்து வெச்சுட்டான். வீணாக்கக் கூடாதில்ல?"

"நீ நண்டு தின்னியா? வீட்டுல எனக்கு முட்டை கூடக் கண்ணுல காட்டல!"

"டாக்டர் உங்களுக்குத்தானே சொன்னாரு? உங்க எதிர்ல திங்கக் கூடாதுன்னு இத்தினி நாளா நானும் வாயக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னிக்கு நீங்க எதிர்ல இல்ல."

பீர் முகம்மது சாஸ் சட்டையோடு ஈனசுரத்தில் கேட்டார்: "முன்னி, நீ மீனா?"

"மீன்தான். பேசவே தோணலைங்க, அவ்ளோ ருசி" என்றார் முன்னி பேகம்.

பீர் முகம்மது நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

உண்ணாமலை புருஷனின் கோட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை அன்பாக எடுத்துவிட்டாள். "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. நாற்காலிய இழுத்துப் போட்டு, 'அம்மா, உங்களுக்கு இன்னா வேணும்'னே கேட்டான். எவ்ளோ காசு கொடுத்தாலும் தகும்."

"அது போதும் எனக்கு" என்றார் அருணகிரி, பெருந்தன்மையாக.

"அதான், நாளைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் சொல்லி வெச்சுட்டு வந்துட்டோம். காசு இப்ப வேணாமாம். கப்பல வுட்டு எறங்கறப்ப நீங்க மொத்தமாக் கட்டினா போதுமாம்."